மகன் கேர் ஹோமுக்குப் போனபின் பிப் பணம்: எது நிற்கும், எது நிற்காது

வாசகரின் கேள்வி:

வடமேற்கு லண்டனில் இருக்கிறோம். என் மகனுக்கு 27 வயது. ஓட்டிசம், கற்றல் குறைபாடு, வலிப்பு மூன்றும் உண்டு. இத்தனை வருடமும் வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். எனக்கு முதுகு ஆபரேஷன் முடிந்தபின் இயலாமல் போய்விட்டது. ஜூன் 20 தொடக்கம் 25 வரை ஒரு கேர் ஹோமில் பழக விட்டோம். பிறகு ஜூலை 7ஆம் தேதி அங்கேயே நிரந்தரமாகப் போய்விட்டான். செலவைக் கவுன்சில் கட்டுகிறது. அவனுக்குப் பிப், அதாவது நீண்டகால நோயோ குறைபாடோ உள்ளவர்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவு, டெய்லி லிவிங் (அன்றாடப் பராமரிப்பு), மொபிலிட்டி (வெளியே போய்வருதல்) என்ற இரண்டு பகுதியும் கூடிய வீதத்தில் வந்தது, நான்கு கிழமைக்கு 749.80 பவுண். அவன் போன கிழமையே நான் தொலைபேசியில் அறிவித்தேன். ஓகஸ்ட் 1 முதல் டெய்லி லிவிங் இல்லை என்று கடிதம் வந்தது. ஹோமுக்குப் போனபின்னும் முதல் 28 நாளுக்கு டெய்லி லிவிங் தருவார்கள் என்றார்கள், இது 25 நாள்தானே? இப்போது 308.20 மட்டும் வருகிறது. ஹோம் மானேஜர் அதையும் தங்கள் வானுக்குத் தரச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர், பிள்ளை அரசாங்கச் செலவில் இருக்கும்போது பிப் எடுப்பது களவு, கிளெய்மையே மூடிவிடு என்கிறார். கவுன்சில் அவனுடைய யூனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரச உதவி) பெரும்பகுதியை எடுக்கிறது, அது சரியா? அவன் பெயரில் 9,000 பவுண் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அவனைக் கூட்டி வந்து ஞாயிறு பின்னேரம் கொண்டுபோய் விடுகிறோம். டிசம்பரில் மூன்று கிழமை யாழ்ப்பாணம் கூட்டிப் போக ஆசை. எனக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான கொடுப்பனவு) வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது.

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்து பயந்து எழுதிய விஷயங்களில் பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் கடைசியில் ஒற்றை வரியாக எழுதியிருக்கிறீர்களே, கேரர்ஸ் அலவன்ஸ் வழக்கம்போல வருகிறது என்று, அதுதான் என்னைக் கதிரையிலிருந்து எழும்ப வைத்தது. முதலில் அதை முடித்துவிடுவோம். தயவுசெய்து இந்தப் பதிலை வாசித்து முடிப்பதற்கு முன்பே கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள், அல்லது இணையத்தில் அறிவியுங்கள்.

காரணம் இதுதான். உங்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வருவது, மகனுக்கு டெய்லி லிவிங் பணம் கொடுக்கப்படுகிறது என்பதையும், நீங்கள் அவரைக் கிழமைக்கு 35 மணிநேரமாவது பராமரிக்கிறீர்கள் என்பதையும் வைத்துத்தான். ஓகஸ்ட் 1 முதல் முதலாவது இல்லை. அவர் ஹோமுக்குப் போன நாளிலிருந்து இரண்டாவதும் குறைந்துவிட்டது. நீங்கள் பிப் பிரிவுக்கு முதல் கிழமையே சொன்னது மிகச் சரியான காரியம். ஆனால் பிப்புக்குச் சொன்னால் கேரர்ஸ் அலவன்ஸுக்கும் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. இரண்டும் பெனிஃபிட் கொடுக்கும் அரசாங்கத் துறையான டி.டபிள்யூ.பி.யின் கீழ்தான், ஆனாலும் வேறு வேறு பிரிவுகள், வேறு வேறு கோப்புகள். கவுன்சிலுக்குச் சொன்னது டி.டபிள்யூ.பி.க்குச் சொன்னதாகாது என்பதும் இதே மாதிரித்தான். 2025-26இல் கேரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண். ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து பத்துக் கிழமை என்று வைத்தாலே 833 பவுண் திருப்பிக் கேட்கப்படலாம். இன்று சொன்னால் இதோடு நிற்கும். அடுத்த வருடம் அவர்களாகக் கண்டுபிடித்தால் நாலாயிரத்தைத் தாண்டியிருக்கும். சம்பள வரம்பைத் தாண்டியது தெரியாமல் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்ட கதைகள் 2024இல் இந்த நாட்டையே உலுக்கின. அவர்களில் பலர் உங்களைப் போலக் களவெடுக்கும் எண்ணமே இல்லாதவர்கள். ஒரேயடியாகக் கட்டுவது கஷ்டம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டக் கேளுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

பிள்ளை சனி ஞாயிறு வீட்டுக்கு வருகிறாரே, அந்த மணிநேரங்கள் 35க்கு வராதா என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கேரர்ஸ் அலவன்ஸுக்குக் கிழமை என்பது ஞாயிறு தொடங்கிச் சனியில் முடிவது. வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு பின்னேரம் வரை என்றால் அது இரண்டு கிழமைகளாக உடைந்துவிடுகிறது. வெள்ளி பின்னேரம் ஆறு மணியிலிருந்து சனி நள்ளிரவு வரை 30 மணிநேரம்தான். ஒரு நிமிடம் விடாமல் பார்த்ததாகக் கணக்கு வைத்தாலும் 35 ஆகாது. இரண்டு கிழமையைச் சேர்த்துச் சராசரி எடுக்கவும் விட மாட்டார்கள். அதனால் வழக்கமான வருகைகளுக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம்.

இதோடு இன்னொன்று. கேரர்ஸ் அலவன்ஸ் வந்த காலமெல்லாம் உங்கள் தேசியக் காப்புறுதிப் பதிவில் பென்ஷனுக்கான வருடங்கள் தானாக ஏறிக்கொண்டிருந்தன. இனி ஏறாது. முழு அரச பென்ஷனுக்குப் பொதுவாக 35 வருடம் வேண்டும். உங்கள் பதிவை இணையத்தில் ஒருமுறை பார்த்து, எத்தனை வருடம் குறைகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக வேலையை விட்ட எத்தனையோ தாய்மார் இதை 65 வயதில்தான் பார்க்கிறார்கள்.

சரி, இனி மகனின் விஷயம். 27 வயது மனிதர் என்பதால் நான் அவர் என்றே எழுதுகிறேன்.

உங்கள் சொந்தக்காரர் சொன்னது பிழை. கிளெய்மை மூடவே வேண்டாம். பிப்பில் உரித்து ஒன்று, கொடுப்பனவு இன்னொன்று. மகனுக்கு டெய்லி லிவிங் உரித்து அப்படியே இருக்கிறது. அவருடைய தேவைகள் ஜூலை 7ஆம் தேதி மறையவில்லையே. சாப்பிட, குளிக்க, மருந்து எடுக்க ஆள் வேண்டும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அந்தத் தேவைக்கான செலவை இப்போது பொதுப்பணத்தில் கவுன்சில் கட்டுகிறது, ஆகவே அதே தேவைக்கு இன்னொரு பொதுப்பணம் தர மாட்டோம் என்று அரசாங்கம் கொடுப்பனவை மட்டும் நிறுத்தி வைக்கிறது. குளம் வற்றவில்லை, மதகை மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் என்றாவது ஹோமை விட்டு வெளியே வந்தால் அன்றே அறிவித்தால் போதும், மதகு திறக்கும். நீங்களாகக் கிளெய்மை மூடியிருந்தால் புதிதாக விண்ணப்பம், புதிதாக மதிப்பீடு, மாதக்கணக்கில் காத்திருப்பு. எல்லாவற்றிலும் மோசமாக, மொபிலிட்டியும் அதோடு போய்விடும்.

முழுச் செலவையும் சொந்தக் காசிலேயே கட்டுகிறவர்களுக்கு இந்த நிறுத்தமே கிடையாது. ஹோமில் இருந்தாலும் டெய்லி லிவிங் தொடர்ந்து வரும். ஹோமில் வசிப்பது இங்கே கேள்வி இல்லை, செலவை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. வயதான அம்மா அப்பாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பென்ஷன் வயதினருக்கான பராமரிப்புக் கொடுப்பனவு) வாங்குகிறவர்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் 28 நாள் கணக்கு இதேபோலத்தான்.

அந்த 28 நாளைத்தான் நீங்கள் 25 என்கிறீர்கள். நானும் முதலில் கவுன்சில் பக்கத்திலோ டி.டபிள்யூ.பி. பக்கத்திலோ பிழை இருக்கும் என்று நினைத்துத்தான் நாட்காட்டியை எடுத்தேன். பிழை இல்லை. கணக்கு இப்படி: ஹோமுக்குள் போகும் நாளும் வெளியே வரும் நாளும் ஹோமில் இருந்த நாளாக எண்ணப்படாது. ஆகவே ஜூலை 7 கணக்கில் இல்லை. 8 தொடங்கி 31 வரை 24 நாள். மிச்ச நான்கு எங்கே? ஜூனில் பழக விட்டீர்களே, அதுவும் கவுன்சில் செலவில்தான் நடந்திருக்கும். போன 20ஆம் தேதியையும் வந்த 25ஆம் தேதியையும் விட்டால் 21, 22, 23, 24 என்று நான்கு நாள். இரண்டு தங்கல்களுக்கு இடையில் 28 நாளோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி இருந்தால் இரண்டையும் ஒன்றாக இணைத்து எண்ணுவார்கள். உங்களுக்கு இடைவெளி இரண்டு கிழமைகூட இல்லை. 24உம் 4உம் 28. ஓகஸ்ட் 1 முதல் நிறுத்தியது சரி.

ஆனால் அந்தப் போகும் நாள், வரும் நாள் விதி உங்கள் பக்கமும் வேலை செய்கிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. மகன் வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு ஹோமிலிருந்து கிளம்பினாலும் அந்த வெள்ளி ஹோமில் இருந்த நாள் அல்ல. ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போனாலும் அந்த ஞாயிறும் அல்ல. சனி எப்படியும் வீட்டில். ஆக, ஒரு வருகைக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளுக்கும் டெய்லி லிவிங் கொடுக்கப்பட வேண்டும். கூடிய வீதம் 2025-26இல் கிழமைக்கு 110.40 பவுண், அதை ஏழால் பிரித்தால் நாளுக்கு 15.77. மூன்று நாளுக்கு 47.31 பவுண். ஓகஸ்ட்டிலிருந்து ஐந்து முறை வந்திருந்தால் 236.55. வருடத்துக்கு 26 முறை என்றால் 1,230 பவுணுக்கு மேல். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் சாப்பாடு, கார், இரவு முழித்திருப்பது எல்லாம் உங்கள் தலையில்தானே. அதற்குத்தான் இந்தப் பணம்.

ஆனால் நீங்கள் அறிவிக்காவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு கொப்பியில் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஹோமின் வருகைப் பதிவேட்டிலும் அதே தேதிகள் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னர் யாராவது சரிபார்க்க வந்தால் இரண்டும் பொருந்த வேண்டும். கடந்த வருகைகளையும் தேதிவாரியாக எழுதிக் கடிதமாகவே அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் சொன்ன நாள், நேரம், பேசியவரின் பெயர் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாகச் சொன்ன பழைய நாட்களுக்கு இழுபறி வரலாம், ஆனாலும் கேளுங்கள். முடிவு பிழை என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஒன்றில் ஏமாற வேண்டாம். இப்படி இரண்டு மூன்று நாள் வந்து போவதால் புதிதாக ஒரு 28 நாள் தொடங்காது. திரும்பிப் போன மறுநாளே மீண்டும் நின்றுவிடும். 28 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக ஹோமுக்கு வெளியே இருந்தால்தான் பழைய கணக்கு அழியும்.

யாழ்ப்பாணப் பயணம். கூட்டிப் போங்கள் அக்கா. அம்மம்மாவும் அப்பப்பாவும் பிள்ளையைப் பார்க்கட்டும். தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 கிழமை வரை பிப் தொடரலாம், யூனிவர்சல் கிரெடிட் ஒரு மாதம் வரை தொடரலாம். மூன்று கிழமை இரண்டுக்கும் உள்ளேதான். ஹோமுக்கு வெளியே இருக்கும் நாட்கள் என்பதால் டெய்லி லிவிங்கும் அந்த நாட்களுக்கு வர வேண்டும். டிசம்பர் 12 கிளம்பி ஜனவரி 2 திரும்பினால் 22 நாள், 346.94 பவுண். நீங்களே முழுநேரம் பார்க்கும் அந்த முழுக் கிழமைகளுக்குக் கேரர்ஸ் அலவன்ஸும் கேட்டுப் பார்க்கலாம், அந்த நேரத்தில் 35 மணிநேரம் என்ற கேள்விக்கே இடமில்லை. கிளம்புவதற்கு முன் பிப் பிரிவுக்கும், யூனிவர்சல் கிரெடிட் கணக்கிலும் தேதிகளை எழுதிவிடுங்கள். வலிப்பு மருந்தை இரண்டு பையில் பிரித்து, வைத்தியரின் கடிதத்தோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இது பெனிஃபிட் விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி அந்த 308.20. மொபிலிட்டி, கிழமைக்கு 77.05. இதைப்பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நான் வேலை செய்யும் இத்தனை வருடத்தில் குடும்பங்கள் அதிகம் விட்டுக்கொடுத்தது இந்தப் பணத்தைத்தான்.

ஹோமில் இருப்பவரின் மொபிலிட்டி நிற்காமல் வருவது எவரும் போட்ட பிச்சை அல்ல. 2010 ஒக்டோபரில் அப்போதைய கூட்டணி அரசாங்கம் செலவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தபோது, கவுன்சில் செலவில் கேர் ஹோமில் இருப்பவர்களுக்கு டி.எல்.ஏ. (பிப்புக்கு முன்பிருந்த கொடுப்பனவு) மொபிலிட்டியை நிறுத்தப் போவதாகவும் சொன்னது. ஹோமே கூட்டிப் போகிறது, பிறகு எதற்கு இரண்டாவது காசு என்பதுதான் அவர்களின் வாதம். மாற்றுத்திறனாளிகளும் அவர்களின் குடும்பங்களும் எழும்பி நின்றார்கள். பார்வையற்றவரான கொலின் லோ பிரபுவின் தலைமையில் ஒரு சுயாதீன ஆய்வு நடந்தது. ஹோம்களில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போக, நண்பரைப் பார்க்க, கோயிலுக்குப் போக, கடைக்குப் போக. இரண்டு இடத்திலிருந்து ஒரே செலவுக்குப் பணம் போகிறது என்ற வாதத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2011 நவம்பரில் அறிக்கை வந்தது, டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. 2013இல் பிப் வந்தபோதும் அந்த உரித்து அப்படியே வந்தது. உங்கள் மகன் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் உங்கள் காரில் ஏறுகிறாரே, அதற்காகத்தான் அவ்வளவு பேர் சண்டை பிடித்தார்கள்.

ஆகவே ஹோம் மானேஜருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: இது மகனின் பணம், ஹோமின் கட்டணத்தில் இது சேராது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின் கீழ் ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கவுன்சில் கணக்கிடும்போதுகூட மொபிலிட்டியை வருமானமாக எடுக்கக் கூடாது. கவுன்சிலே தொட முடியாததை ஹோம் எப்படி முழுதாகக் கேட்க முடியும்?

அதற்காக மானேஜரோடு சண்டைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மகன் தினமும் அந்தக் கைகளில்தான் இருக்கிறார், அந்த உறவு முக்கியம். வானுக்குச் செலவு இருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். அதனால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். மகனுடைய பராமரிப்புத் திட்டத்தில் வெளியே கூட்டிப் போவது ஏற்கெனவே கவுன்சில் கட்டும் கட்டணத்துக்குள் வருகிறதா? வைத்தியரிடம் போவது, பகல்நேர நிலையத்துக்குப் போவது போன்றவை பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதற்கு மேலான பயணம் என்றால் மைலுக்கு என்ன கணக்கு, எத்தனை பேர் ஒன்றாகப் போனார்கள், செலவு எப்படிப் பிரிக்கப்பட்டது? மகன் போகாத நாளுக்கும் கட்ட வேண்டுமா? சோஷல் வேர்க்கருக்கும் அதன் பிரதியை அனுப்புங்கள். நியாயமான பதில் வந்தால், அவர் உண்மையில் போன பயணத்துக்கு மட்டும் பங்கு கொடுப்பதில் பிழையில்லை. முழுப் பணத்தையும் மாதாமாதம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். நான் பார்த்த ஒரு குடும்பம் ஆறு வருடம் முழுப் பணத்தையும் ஹோமுக்குக் கொடுத்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கியபோது அந்தப் பிள்ளை வானில் ஏறியது மாதத்துக்கு இரண்டு முறைதான். அந்தத் தாய் காசுக்காக அழவில்லை. நான் கட்டுகிறேன், அவள் வெளியே போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்றுதான் அழுதார்.

கூடிய வீத மொபிலிட்டி இருப்பதால் மோட்டபிலிட்டி திட்டத்தில், அதாவது அந்தப் பணத்தைக் கொடுத்து வாடகைக்குக் கார் எடுக்கும் திட்டத்தில், கார் எடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். ஹோமில் இருப்பவரும் எடுக்கலாம், அவர் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் கார் அவருடைய தேவைக்கு ஓட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் அவர் அதில் ஏறுவார், மற்ற நாளெல்லாம் அது வேறொருவரின் வேலைக்குப் போகும் கார் என்றால் வேண்டாம். உங்கள் நிலைமையில் பெட்ரோல், டாக்ஸி, ஒரு துணையாள் என்று அந்தப் பணத்தைச் செலவழிப்பது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. புதன்கிழமைகளில் யாராவது ஒருவர் அவரை நீச்சலுக்குக் கூட்டிப் போனால் அந்தக் கிழமை 77 பவுணும் மிக நல்ல வழியில் போனதாகத்தான் நான் சொல்வேன்.

கவுன்சில் யூனிவர்சல் கிரெடிட்டை எடுப்பது சரியா என்றால், சரிதான், ஓரளவுக்கு. ஹோமில் இருப்பவர் தன் வருமானத்திலிருந்து பங்கு கட்ட வேண்டும், யூனிவர்சல் கிரெடிட் வருமானம். ஆனால் கைச்செலவுக்கென்று அவருக்கு ஒரு தொகை விடப்பட வேண்டும், இங்கிலாந்தில் 2025-26இல் அது கிழமைக்கு 30.65 பவுண். இதை ஹோமின் சாமானுக்கோ கட்டணத்துக்கோ தொடக் கூடாது. கவுன்சில் அனுப்பிய நிதி மதிப்பீட்டுக் கடிதத்தை எடுத்து இரண்டு வரியைப் பாருங்கள். மொபிலிட்டி வருமானத்தில் இருக்கிறதா? ஓகஸ்ட் 1க்குப் பிறகும் 110.40 டெய்லி லிவிங் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்களா? இரண்டாவது பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஜூலையில் செய்த மதிப்பீட்டைத் திருத்தாமல் விட்டுவிடுவார்கள், வராத காசுக்கும் பில் வரும். இருந்தால் திருத்தி, ஓகஸ்ட்டிலிருந்து திருப்பித் தரக் கேளுங்கள்.

அந்த 9,000 பவுண் கவுன்சில் கணக்கில் பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் 14,250 வரை சேமிப்பை அவர்கள் பார்ப்பதில்லை. 23,250ஐத் தாண்டினால்தான் முழுக் கட்டணமும் கட்டச் சொல்வார்கள். யூனிவர்சல் கிரெடிட் அப்படி இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 வருமானம் வருவதாக எடுப்பார்கள். 9,000 என்றால் மாதம் 52.20 குறையும். 16,000ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் நின்றுவிடும். இதை ஏற்கெனவே அறிவிக்காவிட்டால், கேரர்ஸ் அலவன்ஸுக்கு அடுத்த அவசரம் இது. பிப் பணம் சேர்ந்து வந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். பிப் வரும்போது வருமானமாக எண்ணப்படாது, சேர்ந்து கிடந்தால் சேமிப்பாகிவிடும்.

நீங்கள் அவருடைய அப்பொயின்ட்டீ, அதாவது அவர் சார்பில் பெனிஃபிட்டை நடத்த அனுமதி பெற்றவர். பணம் அவருடையது. அவருடைய கட்டில், உடுப்பு, அவருக்குப் பிடித்த பாட்டுப் பெட்டி, யாழ்ப்பாணத்துக்கு அவருடைய விமான டிக்கெட், இவற்றுக்குச் செலவழித்தால் எவரும் கேள்வி கேட்க முடியாது, பற்றுச்சீட்டை மட்டும் வைத்திருங்கள். தங்கச்சியின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ எடுத்தால், வேண்டுமென்று சேமிப்பைக் குறைத்ததாக எடுத்துக்கொண்டு, அந்தக் காசு இன்னும் இருப்பதுபோலவே கணக்கிடலாம். அவருடைய காசுக்கு என்று ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும், வீட்டுக் காசோடு கலக்க வேண்டாம்.

பிப் மறுஆய்வுப் படிவம் ஒருநாள் வரும். ஹோமில்தானே இருக்கிறார், வந்தாலென்ன என்று மேசையில் போட்டுவிட்டால் முழு உரித்தும் போய்விடும், மொபிலிட்டி உட்பட. அதை நிரப்பும்போது, இப்போது எல்லாம் ஹோமில் பார்க்கிறார்கள், பிரச்சினை இல்லை என்று எழுதிவிட வேண்டாம். எத்தனையோ தாய்மார் அப்படித்தான் எழுதுகிறார்கள். அங்கே ஆள் நின்று உடுப்பு மாற்றுகிறார் என்றால் அவருக்கு அதற்கு ஆள் தேவை என்றுதான் பொருள். தெரிந்த வழியில்கூட இன்னொருவர் துணையில்லாமல் போக முடியாது என்ற ஒன்றுக்கே மொபிலிட்டியில் 12 புள்ளி, அதுவே கூடிய வீதம். நடக்கிறாரே, ஓடுகிறாரே என்று மதிப்பீட்டாளர் கேட்டால் தடுமாற வேண்டாம். அவர் றோட்டில் காரைப் பார்க்காமல் ஓடுகிறார் என்பதுதான் விஷயம்.

பின்னொரு காலத்தில் சோஷல் வேர்க்கர் சப்போர்ட்டட் லிவிங் என்று ஓர் இடத்தைப் பற்றிக் கதைக்கலாம். அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், பராமரிப்பு தனியாக என்றால் அது பொதுவாகக் கேர் ஹோம் கணக்கில் வராது, டெய்லி லிவிங் முழுதாக வரும், வாடகைக்கும் உதவி கேட்கலாம். ஆனால் அங்கே கவுன்சில் டெய்லி லிவிங்கை வருமானமாக எடுத்துக் கட்டணம் போடலாம். மேலதிகச் சலவை, சிறப்பு உணவு, உடைகிற சாமான் என்று அவருடைய குறைபாட்டால் வரும் செலவுகளைக் கழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கவுன்சில் எப்படி வேண்டுமானாலும் கட்டணம் போட முடியாது. 2020இல் நோர்ஃபோக் கவுன்சிலின் கட்டண முறை கடுமையான குறைபாடு உள்ளவர்களைப் பாகுபாடாக நடத்துகிறது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியொரு பேச்சு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். இதை வாசிக்கும் ஸ்கொட்லாந்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு 2022 முதல் பிப்புக்குப் பதில் வேறு கொடுப்பனவு, வேறு அலுவலகம். இந்தத் தொகைகளையும் கட்டண வரம்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவனுடைய காசையும் எடுக்கிறாள் என்று எவரோ சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. 27 வருடம் பார்த்தீர்கள், முதுகு போகும்வரை பார்த்தீர்கள். இப்போதும் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் போய்க் கூட்டி வருகிறீர்கள். அவருடைய காசை ஒவ்வொரு பவுணாகக் காத்து அவருக்கே செலவழிப்பதும் அந்தப் பார்ப்பில் ஒரு பகுதிதான்.

முதல் வேலையாகக் கேரர்ஸ் அலவன்ஸ். அதற்குப் பிறகு பிப்புக்கு வருகைத் தேதிகள். பின்னேரம் யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த 9,000. மானேஜருக்கான கடிதத்தை நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன், நீங்கள் பெயரும் தேதியும் மட்டும் போட்டால் போதும்.